ஆபீசருக்காகக் கூட்டிய வாரி

எங்கள் ஊரின் மரியாதைதான் எங்கள் ஊரைக் கெடுத்தது. இது வயதான பிறகு வந்த ஞானம் இல்லை. கல்யாணமாகி வந்து தலைப்பிள்ளைகூடப் பெறாத நாளிலேயே, சாவடியில் ஊர் கூடியிருக்க எழுந்து நின்று இதைச் சொன்னேன். அதற்குப் பிறகு என் மாமனார் வெகுநாள் என் கையால் சோறு வாங்கிச் சாப்பிடவில்லை. சாப்பிடாவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்தேன்.

இரண்டாவது ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஊருக்கு மேற்கே ஒரு செம்புறாங்கல் மேடு உண்டு. அங்கே புல்லும் புதரும் தவிர வேறொன்றும் விளையாது. ஆனால் மேட்டின் அடியில் ஓர் ஊற்று இருந்தது. கோடையிலும் அதில் தண்ணீர் கசியும். ஊற்றுக்குக் கீழே கல்தொட்டி கட்டி, கீதாரி தன் கிடையாடுகளுக்குத் தண்ணீர் காட்டுவார். கீதாரி என்பது அவர் பெயரில்லை, ஆட்டுக்கிடை நடத்துகிறவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் முழுவதும் ஒரு வரத்துவாரி வழியாக எங்கள் கண்மாய்க்கு வந்து சேரும். கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் ஊர் பஞ்சம் பிழைக்கப் போகவேண்டியதுதான். எங்கள் வயல் கடைமடையில் இருந்ததால் கண்மாயில் கொஞ்சம் குறைந்தாலும் முதலில் காய்வது அதுதான்.

அந்த மேட்டுக்குள் காவிக்கல் இருப்பதாக யாரோ சொல்ல, வெளியூர்க்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்துக் குழி வெட்ட ஆரம்பித்தார். சண்டைக்குச் சாயம் வேண்டியிருந்ததாம். குழி ஆழமாக ஆக உள்ளே தண்ணீர் ஊறியது. அதை இறைக்க ஆயில் எஞ்சின் கொண்டுவந்து வைத்தார். இறைத்த தண்ணீரில் காவியைக் கழுவி, கழுவின சேற்றை ஒரு வாய்க்கால் வெட்டி நேராக எங்கள் வாரியில் திருப்பிவிட்டார். கேட்டதற்கு, "தண்ணிதானேம்மா விடுறோம், வெசமா விடுறோம்? கண்மாய்க்கு நல்லதுதானே" என்றார்.

அந்த நல்லது எங்கள் வயலுக்கும் வந்தது. சந்தனம் பூசினதுபோல வழுவழுப்பாக ஒரு சிவப்புச் சேறு, காய்ந்தால் ஓடு. நட்ட நாற்று அதற்குள் வேர்விட முடியாமல் மஞ்சளித்து நின்றது. கையால் பிடுங்கினால் கட்டியோடு வந்தது. இன்னொரு பக்கம், குழி ஆழமாக ஆக ஊற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. கீதாரி தொட்டியை வழித்து வழித்து ஆடுகளுக்குக் காட்டினார். குழி ஊற்றின் தண்ணீரை உறிஞ்சி, அதே தண்ணீரைச் சேறாக்கி எங்கள் தலையில் கொட்டுகிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் புரிந்தது. ஆனால் எங்களுக்குப் புரிந்து என்ன செய்ய? புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு மனுப் போட்டோம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நன்றாகத்தான் எழுதினேன். ஆபீசர் ஒருவர் நேரில் வந்து குழியால் வயலுக்கும் மேய்ச்சலுக்கும் கேடு உண்டா என்று பார்ப்பார் எனப் பதில் வந்தது.

இங்கேதான் எங்கள் ஊர் தன் காலில் தானே கோடரியைப் போட்டுக்கொண்டது.

என் மாமனார் ஊர் அம்பலம், அதாவது ஊர்த் தலைவர். ஊருக்கு அதிகாரி வருகிறார் என்றால் அவருக்கு மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. உடனே தண்டோரா போட்டார். வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு வரவேண்டும், வாரியை அடி ஒட்டச் சுத்தமாக வெட்ட வேண்டும் என்று உத்தரவு. வாரியில் வீட்டுக்கு ஒரு பங்கு என்று எல்லை குறித்திருக்கும். மழைக்கு முன்னால் அவரவர் பங்கை அவரவர் வெட்டித் தூர் எடுப்பது எங்கள் வழக்கம். அந்த வருஷம் அதை முன்கூட்டியே, யாரும் அதுவரை பார்த்திராத உற்சாகத்தோடு செய்தோம். ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடையில் சுமந்தோம். அத்தனை சிவப்புச் சேற்றையும் வழித்துத் தூரக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டினோம். அது போதாதென்று, ஆபீசர் நடந்து வரும்போது காலில் ஒட்டக்கூடாது என்று, வெள்ளாற்று மணலை வண்டியில் கொண்டுவந்து வாரிக்குள் பரப்பினார்கள். கடைசியில் விளக்குமாற்றை எடுத்து வாரியைக் கூட்டவும் செய்தார்கள். மனிதர்கள் யாராவது வாய்க்காலைக் கூட்டுவார்களா? நாங்கள் கூட்டினோம்.

கரையில் வாழை மரம் கட்டி, இளநீர் சீவி வைத்தோம். ஆபீசர் வந்தார். நல்ல மனிதர்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வாரி நெடுக நடந்தார். கண்ணில் பட்டதெல்லாம் வெள்ளை மணல்.

"அம்பலம், வாரியை ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க. இந்தப் பக்கத்திலேயே இப்படி ஒரு வாரி நான் பாத்ததில்லை" என்றார்.

மாமனார் இரண்டு கையையும் கூப்பி, "எல்லாம் ஐயா வாரதுக்காகத்தானுங்க" என்றார். அவர் முகத்தில் இருந்த பூரிப்பை நான் பார்த்தேன்.

ஊற்றுக்குப் போனார்கள். அங்கே தொட்டி நிறையத் தண்ணீர் ததும்பிக்கொண்டு நின்றது. ஆபீசர் அதில் கால் கழுவினார், முகம் கழுவினார். "கோடையிலயும் தண்ணி இருக்கே" என்றார். கீதாரி தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். வயலைப் பார்க்கப் போனால், அறுவடை முடிந்து, சேற்று ஓடெல்லாம் உள்ளே போக உழுது போட்டிருந்தது. உழாத வயலை அதிகாரிக்குக் காட்டுவது கேவலமாம்.

அவர் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனதும் ஊருக்கே கொண்டாட்டம்.  நாங்கள் என்ன செய்துவிட்டோம் என்று குத்தகைக்காரர் வந்து சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. சில வாரங்கள் கழித்து வெற்றிலையை மென்றுகொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். "வாரி கண்ணாடி கணக்கா இருக்கு, ஊத்துல தண்ணி நிக்குதுன்னு ஆபீசரே எழுதிட்டாராம். நான் இப்ப மேட்டோட மறுசரிவையும் குத்தகைக்குக் கேட்டிருக்கேன். உங்க புண்ணியம்" என்று சொல்லிச் சிரித்தார்.

மறுசரிவு என்றால் வாரியின் தலை. அங்கே குழி விழுந்தால் மழைத்தண்ணீர் குழிக்குள் போகும், கண்மாய்க்கு ஒரு சொட்டு வராது. ஊர் முடிந்தது. அவ்வளவுதான் விஷயம்.

அன்று சாயங்காலம் சாவடியில் கூட்டம். ஆளாளுக்கு ஆபீசரைத் திட்டினார்கள். குத்தகைக்காரர் காசு கொடுத்திருப்பார் என்றார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்கள் நிற்கும் ஓரத்திலிருந்து முன்னால் போய்விட்டேன்.

"அவரை ஏன் வையிறீங்க? அவரு கண்ணுல பட்டதை எழுதுனாரு. நம்ம சேத்தை நம்மளே அள்ளி ஒளிச்சு வச்சுட்டு, மேல மணலைப் போட்டு மூடிட்டு, கேடு எங்கன்னு அவரைத் தேடச் சொன்னா எப்படி?"

 கீதாரிதான் மெள்ள வாயைத் திறந்தார். "தொட்டியில இருந்தது ஊத்துத் தண்ணி இல்ல, ஆத்தா. அம்புட்டுப் பெரிய மனுசன் வாரப்ப தொட்டி காஞ்சு கெடந்தா நல்லாவா இருக்கும்? ஊருணியில இருந்து நானும் எம்பொஞ்சாதியும் குடத்துல கொண்டாந்து ஊத்துனோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாமனார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சோறு வாங்காமல் இருந்தது அப்போதுதான்.

நான் இன்னொரு மனு எழுதினேன். போன தடவை பார்த்தது சரியில்லை, மறுசரிவைக் கொடுக்கும் முன் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அதற்குள் ஒரு மழைக்காலம் வந்து போனது. வாரி மறுபடி சிவந்தது. கடைமடையில் எங்களுக்கு வீட்டுச் சாப்பாட்டுக்கும் நெல் காணவில்லை. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றேன். கோடை பிறந்த பிறகு பதில் வந்தது. ஆனி மாதத்தில் அதே ஆபீசர் கடைசியாக ஒருமுறை வந்து பார்த்து முடிவு சொல்வாராம்.

பதில் வந்த மறுநாளே தண்டோராச் சத்தம் கேட்டது. வாரியை அடி ஒட்டச் சுத்தமாக வெட்டணுமாம்!

அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். மாமனார் சாவடிப் படியில் நின்றார்.

"மாமா, மறுபடியுமா?"

"வெட்டாம விட்டா மழைத்தண்ணி எப்படி வரும்? கண்மாய் என்னத்துல நெறையும்? பேச வந்துட்டா."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாரியை வெட்டினால் சாட்சி போய்விடும், வெட்டாவிட்டால் விளைச்சல் போய்விடும். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். அப்போதுதான் மட்டம் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பஞ்ச வருஷத்தில் நான் ரோட்டு வேலையில் மண் சுமந்திருக்கிறேன். மண் வெட்டும்போது நடுவில் ஒரு தூண் அளவு மண்ணை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர் மட்டம். எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. ஓவர்சியர் வந்து அதை டேப் வைத்து அளந்த பிறகுதான் கூலி. அளக்கும்வரை அதில் யாரும் கை வைக்க முடியாது. அதிகாரிகளே வைத்த சட்டம் அது.

வாரியை வெட்டுவோம், ஆனால் ஒவ்வொரு வீட்டுப் பங்கிலும் நடுவில் ஒரு மட்டம் விடுவோம் என்று சொன்னேன். ஆண்கள் முகம் சுளித்தார்கள். மாமனாருக்கு வந்ததே கோபம். "வாரிக்குள்ள பல்லு மாதிரி மேடு மேடா நின்னா, வர்ற மனுசன் நம்மளைப் பத்தி என்ன நெனைப்பான்? சோம்பேறிப் பயலுக, அரையும் கொறையுமா வெட்டியிருக்காங்கன்னு நெனைக்க மாட்டானா?"

"நெனைக்கட்டும் மாமா. போன தடவை நம்மளைக் கெட்டிக்காரங்கன்னு நெனைச்சாரு. என்ன கெடைச்சுது?"

பெண்கள் என் பக்கம் நின்றார்கள். மண் சுமந்த இடுப்பு அவர்களுடையது. "மட்டம் விட்டாத்தான் கூடையைத் தொடுவோம்" என்று சொல்லிவிட்டார்கள். கூடை தொடாவிட்டால் வாரியில் வேலை எப்படி நடக்கும்? என் வீட்டுக்காரர் யாரையும் பார்க்காமல் போய் எங்கள் பங்கில் மண்வெட்டியைப் போட்டார். வாய் பேசமாட்டார், ஆனால் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு மண்தூணை விட்டுவிட்டுச் சுற்றி வெட்டினார். அதைப் பார்த்து அடுத்த பங்குக்காரர், அவரைப் பார்த்து அடுத்தவர்.

கண்மாய்ப் பக்கம் தொடங்கின வேலை மேடு நோக்கிப் போனது. வாரியின் தலைப்பங்கு மட்டும் மாமனாருடையது, அம்பலத்துக்கென்று உள்ள பங்கு. சேற்றுக்கால் வந்து சேரும் இடத்துக்கும் மேலே இருந்தது. அதை நான் பளிச்சென்று வெட்டித்தான் வைப்பேன், எவள் தடுப்பாள் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெட்டியும் இருப்பார். குத்தகைக்காரர் மட்டும் கொஞ்சம் வாயை அடக்கியிருந்தால்.

அவர் வாரியைப் பார்த்துவிட்டு நேராக மாமனாரிடம் வந்தார். "என்ன அம்பலம், வீட்டுப் பொம்பளை பேச்சைக் கேட்டு ஊரையே அசிங்கம் பண்ணிட்டீங்க. ஆள் அனுப்புறேன், எல்லாத்தையும் இடிச்சுத் தள்ளிருவோம். மண்ணு அள்ள எங்கிட்ட வண்டி இருக்கு."

மாமனார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வாரியில எது நிக்கணும், எது நிக்கக் கூடாதுன்னு நீரு சொல்றீரா?"

"நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இந்த வாரி எங்க பாட்டன் வெட்டுனது. அங்கிட்டு ஒரு ஆள் எறங்குனா, ஏறிப் போகமாட்டான்."

என் நியாயம் எதுவும் அவர் மனத்தை மாற்றவில்லை. இன்னொருத்தன் வந்து இடி என்றான், அதனால் நிற்க வைத்தார். அன்றே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தன் பங்கில் ஊரிலேயே பெரிய மட்டமாக விட்டார். ரோசத்துக்காவது பயன்பட்டதே என்று எனக்குச் சந்தோஷம். ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்து என் கையால் குழம்பும் கேட்டார். நானும் ஊற்றினேன்.

ஆபீசர் வந்த அன்று வாரியில் மணல் இல்லை, வாழை மரம் இல்லை, இளநீர் இல்லை. ஒவ்வொரு மட்டத்துப் பக்கத்திலும் அந்தந்த வீட்டுப் பெண் நின்றாள். அவர் கரையில் நின்று பார்த்தார்.

"இது கான்ட்ராக்ட் வேலையா? யாரு மட்டம் விட்டது?"

"நாங்கதாங்க" என்றேன். "போன தடவை வழிச்சுப் போட்டோம். இந்தத் தடவை நீங்க அளக்கணும்னு விட்டிருக்கோம்."

அவர் வாரிக்குள் இறங்கினார். பேனாக்கத்தியை எடுத்து எங்கள் மட்டத்தின் ஒரு பக்கத்தைச் சீவினார். அடியில் பழைய கருவண்டல். அதன்மேல் போன வருஷம் நாங்கள் விரித்த மணல், ஒரு கீற்று. மணலுக்கு மேலே முழுக்கச் சிவப்பு. டேப்பைப் பிடித்து அளந்தார். அடுத்த மட்டம், அதற்கடுத்தது என்று மேலே போகப் போகச் சிவப்பு தடித்துக்கொண்டே போனது.

கூடவே வந்த குத்தகைக்காரர், "மேட்டு மண்ணே செவப்புத்தானுங்களே ஐயா. மழை அடிச்சுக் கொண்டாந்திருக்கு. இதுக்குக் குழி என்ன பண்ணும்?" என்றார்.

 இப்படி ஒரு வாதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஆபீசர் மேட்டுப் பக்கம் நடந்தார். சேற்றுக்கால் சேரும் இடத்தைத் தாண்டி, மாமனாருடைய பெரிய மட்டத்தைச் சீவினார். சரளை, கருவண்டல், மறுபடி சரளை. அடியிலிருந்து நுனிவரை அந்தக் காவிச் சேறு ஒரு பூச்சுகூட இல்லை. மழை கொண்டுவந்ததானால் முதலில் அங்கேதானே படிந்திருக்க வேண்டும்? ஆபீசர் குத்தகைக்காரரைத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். மாமனார் தான் என்ன செய்துவிட்டோம் என்றே தெரியாமல் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

அடுத்து ஊற்று. தொட்டி எலும்பாகக் காய்ந்து கிடந்தது. கீதாரி காலையிலிருந்து ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டாமல் அங்கேயே நிறுத்தியிருந்தார். ஆடுகள் தலையைத் தாழ்த்தி வெறும் கல்லை நக்கின. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு யாராலும் நிற்க முடியவில்லை. கீதாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போன வருஷம் நான் இதுல கால் கழுவுனேனே?" என்றார் ஆபீசர்.

கீதாரி தரையைப் பார்த்துக்கொண்டு, "அது நான் கொண்டாந்து ஊத்துன தண்ணிங்க" என்றார்.

ஆபீசருக்கு முகம் சிவந்தது. "அப்ப எனக்குப் பொய் காட்டியிருக்கீங்க. ஊர் மொத்தமும் சேர்ந்து பொய் காட்டியிருக்கீங்க. உங்க பேச்சை நம்பி நான் எழுதி, இப்ப மாத்தி எழுதணும். இல்லையா?"

 மாமனார் கை தன்னால் குவிந்தது. அந்தக் கை மேலே எழுந்ததைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"பொய் இல்லைங்க. மரியாதை. காயுற ஆட்டுக்கு ஊத்த வேண்டிய தண்ணியை ஒங்க காலுக்கு ஊத்துனாரு. நாங்களும் அப்படித்தான், எங்க சேத்தை மறைச்சு ஒங்களுக்கு மணல் விரிச்சோம். அதை நீங்க பொய்யின்னு சொன்னா, சரி. இனிமே ஒங்க யாருக்கும் அந்த மரியாதையை நாங்க செய்ய மாட்டோம்."

என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவ்வளவு நேரம் பின்னால்தான் இருந்தார். ஆபீசர் என்னைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார். பிறகு கீதாரியிடம், "அதுகளைக் கூட்டிட்டுப் போய்த் தண்ணி காட்டுய்யா" என்றார். குரல் இறங்கியிருந்தது. கீதாரி ஆடுகளை ஊருணிக்கு ஓட்டிக்கொண்டு போனார். அதுகள் தாகத்தில் தள்ளாடிப் போனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உத்தரவு வந்தது. மறுசரிவு குத்தகைக்கு இல்லை. சேற்றை வாரியில் விடக்கூடாது. கண்மாய் பிழைத்தது, ஊரும் பிழைத்தது. ஊற்று பிழைக்கவில்லை. வெட்டின குழியை வெட்டாமல் ஆக்க எந்த உத்தரவாலும் முடியாது. எஞ்சின் ஓய்ந்த குழிக்குள் பச்சைத் தண்ணீர் நின்றது, ஊற்றில் ஒன்றும் இல்லை. கீதாரி கிடையை மேட்டுக்குத் தெற்கே கொண்டுபோய்விட்டார். எதிரில் பார்த்தால், "என்ன ஆத்தா, வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு நாங்கள் ஜெயித்துக் கொடுக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். ஆறவேண்டிய கோபம் என்று நான் நினைக்கவில்லை.

சில வருஷம் கழித்து, சமஸ்தானம் போய்ச் சர்க்கார் மாறின பிறகு, வேறொரு ஆபீசர் வேறெதற்கோ எங்கள் ஊருக்கு வந்தார். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. சேதி வந்ததும் புதிதாகக் கல்யாணமாகி வந்த பக்கத்து வீட்டுப் பெண், அவருக்காக விளக்குமாற்றை எடுத்துத் தெருவாசலைக் கூட்டக் குனிந்தாள். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து என் மாமனார் சத்தம் போட்டார்.

"அதைக் கீழ போடு. அவரு வரட்டும். இருக்குறதைப் பாக்கட்டும்."